ஒரு மடலுக்கு இரண்டு அளவு

புருல்சா எஜேயை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்துக்கு மூன்று கையெழுத்துகள் வேண்டியிருந்தன. இயக்குநர் குபாத் மிர்சாயேவிச் தம்முடையதை முன்னரே இட்டிருந்தார். அறுவை மருத்துவர் எசென்குல் அகாய்க்குக் கடைசி வரி ஒதுக்கப்பட்டிருந்தது. எங்களிடம் பெண்ணை எஜே என்றும் பெரியவரை அகாய் என்றும் மரியாதையாக அழைப்போம். நடுவே, 'அளவுகளை எடுத்தவர்' என்னும் சொற்களுக்கு எதிரே, ஜீபெக் ஒரோஸ்பாயெவா என்று என் பெயர் அச்சிடப்பட்டு, அதன்மேல் ஒரு வெற்றுக்கோடு காத்திருந்தது.

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக் கண் மருத்துவமனையில் நான் அளப்பவள். எங்களிடம் வருவோரின் கருவிழிமீது ஒரு மெல்லிய மடல் சீவப்படும். ஏட்டைப் புரட்டுவதுபோல் அது ஒருபுறம் சாய்க்கப்படும். அடியில் தோன்றும் படுகையின்மேல் லேசர் ஒளி பாய்ந்து பார்வையைத் திருத்தும். பின்னர் மடல் மூடப்படும். மடல் ஒரு விளிம்பில் கண்ணோடு ஒட்டியே இருப்பதால் அதைத் தனியே எடுத்து அளக்க வழியில்லை. ஆகவே, சீவுவதற்கு முன் கருவிழியின் முழுத் தடிமனை ஒரு கோலின் நுனியால் தொட்டு அளப்பேன். மடலைச் சாய்த்தபின் எஞ்சிய படுகையைத் தொட்டு அளப்பேன். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பது மடலின் தடிமன். தலைமயிர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அதைவிடச் சற்றே மிகும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு இருநூறு கண்களை இவ்வாறு அளந்து அட்டவணையிட்டேன். மார்ச்சு மாதம் தலைநகர் பிஷ்கெக்கில் கூடும் மருத்துவர் மாநாட்டில் எசென்குல் அகாய் அதைப் படிப்பதாக இருந்தது. மடலைச் சீவும் கருவி ஒன்று, சீவிய மருத்துவர் ஒருவர். மடல்கள் மட்டும் ஒரு தடிமனில் நில்லாமல், நூற்றுப் பதின்மூன்று மைக்ரானிலிருந்து நூற்று முப்பத்தொன்பது வரை சிதறிக் கிடந்தன. கருவியை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து இரண்டு நாள் தங்கி, கருவியில் குறையில்லை, கத்தியைப் பொருத்தும் கையில்தான் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கத்தியைப் பொருத்தும் கை புருல்சா எஜேயுடையது.

"கையெழுத்துப் போடு, ஜீபெக். உன் அளவுதானே எல்லாம்? நான் ஒண்ணும் கதை எழுதலையே," என்றார் குபாத் மிர்சாயேவிச்.

"அளவு என்னோடதுதான். 'காரணம்: பொருத்துபவரின் கவனக்குறைவு'ன்னு எழுதினது நான் இல்லையே."

"பொறியாளர் சொல்றாரு."

"எஜே கத்தி பொருத்துறத அவர் ஒரு தடவகூடப் பார்க்கல. ரெண்டு நாளும் கடைத்தெருவுல புலாவ் சாப்பிட்டுட்டுப் போனாரு."

"பார்க்கணும்னு என்ன இருக்கு? இயந்திரம் சரி. கத்தி புதுசு. அகாயோட கைய யாரும் குறை சொல்ல முடியாது. மிச்சம் யாரு? நீயே சொல்லு."

மிச்சம் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: குறை கண்டுபிடிக்கப்பட்டது, ஆள் மாற்றப்பட்டார் என்று ஒரு வரி சேர்த்தால் அட்டவணையை மாநாடு ஏற்றுக்கொள்ளும், அந்த வரி இல்லையென்றால் அகாயின் பெயருக்கு இழுக்கு. வியாழக்கிழமை அது. செவ்வாய் காலை அறுவை தொடங்குமுன் கையெழுத்து வேண்டும் என்று தவணை கொடுத்தார்.

தேநீர் அறையில் புருல்சா எஜே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இளமையில் இந்த மாநிலத்தின் பெண்கள் கைப்பந்து அணியில் ஆடியவர். உட்கார்ந்திருந்தாலும் நின்றிருப்பவர்போல் தோன்றும் உயரம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுவிட்டார். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வேலை.

"என்ன, கடுதாசிய உனக்கும் காட்டிட்டானா?" என்றார். இயக்குநர் அவருடைய தம்பியோடு படித்தவர். ஆகையால் அவர் முதுகுக்குப் பின்னால் மட்டுமன்றி முகத்துக்கு நேரேயும் எஜே அவரை ஒருமையில்தான் அழைப்பார்.

"காட்டினாரு."

"பதினாலு வருஷம். ஒரு தடவையாவது கத்திய மாத்திப் போட்டிருக்கேனா?"

"ஒரு தடவ போட்டீங்க, எஜே."

"அது பயிற்சி நாள்ல, ஆட்டுக் கண்ணுல. அந்த ஆட்டையும் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லு." ரொட்டியை வாயில் போட்டு மென்றார். பிறகு, என்னைப் பாராமலே, "நீ போட்டுடு. நீ போடலன்னா உன்னையும் சேர்த்து அனுப்புவான். ரெண்டு பேரும் சந்தையில உக்காந்து சமூசா விக்கலாம், உனக்கு மாவு பிசையவும் வராது," என்றார்.

அன்று அட்டவணையை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தேதிவாரியாகப் பார்த்தேன், ஒழுங்கு புலப்படவில்லை. கத்திப் பெட்டிகளின் எண்வாரியாகப் பார்த்தேன்; அதிலும் இல்லை. கண்ணின் முழுத் தடிமன், வளைவு, வலம், இடம் என எதைக் கொண்டு அடுக்கினாலும் எண்கள் மந்தை கலைந்த ஆடுகளாகவே நின்றன. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்பிய பின், எண்களை விட்டுப் பெயர்களைப் படிக்கலானேன். ரீத்தா கிம், சந்தையில் கேரட் ஊறுகாய் விற்கும் கொரியப் பெண்: நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினைந்து. அர்க்கதி லாப்தெவ், மின்வாரியத்துக்காரர்: நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினாறு. ரஷ்யர், கொரியர் என எட்டுப் பேர், பதினாறு கண்கள். ஒன்றுகூட நூற்றுப் பத்தொன்பதைத் தாண்டவில்லை. எங்களவர் கண்கள்தாம் சிதறின. அவற்றுள்ளும் மலைக்காரர் கண்கள் மிகுதியாகச் சிதறின. எல்லாக் கத்தியையும் பொருத்தியது அதே கை. அந்தக் கை ரஷ்யக் கண்ணுக்கு நேராகவும் கிர்கிஸ் கண்ணுக்குக் கோணலாகவும் போகுமா என்று என்னையே கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. அந்த விடை எனக்கு உவப்பாக இல்லை.

எசென்குல் அகாய் ஆசி கூறுபவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், மடலைத் திறந்து லேசரைத் தொடங்கிய நொடியில் மின்சாரம் நின்றுபோயிற்று. திறந்த கண்ணோடு ஒரு மனிதன் இருபது நிமிடம் இருட்டில் கிடந்தான். அன்று அகாய் அவன் தலைமாட்டில் நின்று, ஊர்ப் பெரியவர்கள் வழிப்போக்கனுக்குச் சொல்லும் ஆசியைச் சொன்னார். சொல்லி முடிக்க, விளக்கு எரிந்தது. அன்றுமுதல் மடலைத் திறந்தபின், லேசருக்கு முன், ஆசி கூறாமல் அவர் மேலே செல்வதில்லை. ரஷ்யருக்கு "சரி, கடவுள் துணை" என்று இரண்டு சொல். எங்களவருக்கு முழு ஆசி. ஆலாய் மலையிலிருந்தும் பத்கெனிலிருந்தும் வருவோருக்கு, அவர்கள் தந்தை பெயரும் குலப்பெயரும் சேர்த்து நெடிய ஆசி. லேசரை நம்பாத முதியோர்கூட அந்த ஆசியை நம்பித் தம் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

ஆசி சொல்லப்படும்போது எவரும் அசைவதில்லை. உள்ளங்கைகளை விரித்து, சொல் முடியுமட்டும் அப்படியே இருப்போம். நான் தொழுகை தவறாதவள். என் தாய் மடியிலிருந்தே கற்ற மரியாதை அது. அளவுகோலைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறை அணிந்த கைகளை விரித்து, ஆமீன் சொன்ன பிறகுதான் படுகையை அளப்பேன். அத்தனை நேரமும் திறந்த படுகை விளக்கொளியில் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தது சுருங்கும். படுகை சுருங்கினால் கழித்து வரும் மடல் தடித்ததாகத் தோன்றும். மடல் தடிக்கவில்லை. ஆசி நீளமாயிற்று.

கருவியின் உறிஞ்சு வளையம் சீவும்போது கண்ணைப் பற்றியிருந்து விடும் நேரத்தை அதன் பெட்டி ஒரு காகிதத் துண்டில் நொடிக்கணக்கில் அச்சிடும். என் அளவுகோலின் பெட்டியும் அப்படியே. சனிக்கிழமை மருத்துவமனைக்குச் சென்று அந்தத் துண்டுகள் கிடந்த காலணிப் பெட்டியைக் கவிழ்த்தேன். சன்னலோரம் இருந்தவை வெயிலில் வெளிறி வெறுங்காகிதமாகியிருந்தன. அறுபத்தொரு கண்களுக்கு இரண்டு துண்டும் தப்பியிருந்தன. அவற்றைக் காத்திருந்த நொடிகளின் வரிசையில் அடுக்கினேன். ஒன்பது நொடி, நூற்றுப் பதினாறு. முப்பது நொடி, நூற்று இருபத்திரண்டு. எண்பது நொடி, நூற்று முப்பத்து நான்கு. இருநூறு கண்களில் ஒழுங்கு காணாத எண்கள், மலைப்பாதையில் ஏறும் குதிரைகளாக ஒன்றன்பின் ஒன்றாய் ஏறின.

கத்தி தவறவில்லை. எஜேயின் கை தவறவில்லை. தவறியது, ஆசிக்கு விரிந்து அசையாதிருந்த என் கை.

ஞாயிற்றுக்கிழமை எஜேயின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு எழுந்து சென்று, அண்டை வீட்டுப் பக்கம் இருந்த சன்னலைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. என் வேலை போனா போகட்டும். ஆசியால கெட்டுச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா, ஊர் நம்மள உரிச்சுத் தொங்கவிட்டுடும். அதுவும் நீ. தொழுகைக்காரி."

"தொழுகைக்காரிங்கிறதுனாலதான் சொல்லணும், எஜே. ஆசில தப்பு இல்ல. அதக் கேட்டுட்டு நின்ன என் கைதான் பொய்க்கணக்குக் காட்டுச்சு. அந்தப் பொய்ய உங்க தலையில போடுறாங்க. கண்ணு காஞ்சுபோகட்டும்னு ஆண்டவன் எங்கயாவது கேட்டானா?"

"எனக்கு மதப் பாடம் எடுக்காத."

"எடுக்கல. கையெழுத்துப் போட மாட்டேன்னு மட்டும் சொல்றேன்."

"எனக்காகவா?"

"உங்களுக்காகவும்தான்."

எஜே தம் கைகளைப் பார்த்தார். "அகாய் என் பெரிய பொண்ணு பிறந்தப்ப ஆசி சொன்னாரு. அவர் முகத்துல கரி பூசி எனக்கு வேலை வேணாம்," என்றார். அவர் வேண்டாமென்றதையும் சேர்த்தே நான் எதிர்க்க வேண்டியதாயிற்று.

செவ்வாய் காலை, கை கழுவும் தொட்டியருகே அகாயும் குபாத் மிர்சாயேவிச்சும் நின்றனர். கடிதத்தை மடித்தபடியே திருப்பிக் கொடுத்து, அறுபத்தொரு அளவுகளின் வரிசையையும் அதன்மேல் வைத்தேன். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறினேன்.

அகாய் முழங்கைவரை நுரை வழிய நின்றார். அறுபது வயதுக்காரர், மூன்று மாநிலங்களில் அவர் திருத்திய கண்கள் நடமாடுகின்றன. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"கண்ண அளக்கத்தான் உன்ன வச்சேன், மகளே. எப்போலேர்ந்து என் வாய அளக்க ஆரம்பிச்ச?"

"வாய அளக்கல, அகாய். நேரத்த அளந்தேன்."

"ஆசிதான் அட்டவணையக் கெடுத்துச்சுன்னு மாநாட்டுல எழுதணுமா?" என்றார் இயக்குநர். "அகாய், இவ வெளிய போய் இதப் பேசினா நாளைக்கு மலையிலிருந்து ஒருத்தனும் வர மாட்டான்."

"புருல்சா எஜேயோட கை ரஷ்யக்காரங்களுக்கு மட்டும் எப்படி நேராப் போச்சுன்னு நீங்க சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இங்கயே கையெழுத்துப் போடுறேன்," என்றேன்.

அகாய் கைகளை உயர்த்தி நீரை முழங்கை வழியே வடிய விட்டார். "இன்னிக்கு முதல்ல ஆலாய்ப் பொண்ணு. வழக்கம்போல ஆசி சொல்லுவேன். நீயும் வழக்கம்போல நின்னு அளப்ப. சாயங்காலம் கையெழுத்தப் பத்திப் பேசிக்கலாம்."

"அளப்பேன், அகாய்," என்றேன். வழக்கம்போல என்ற சொல்லை நான் திருப்பிச் சொல்லவில்லை.

அந்த ஆலாய்ப் பெண் அனார்குல், பள்ளியில் புவியியல் கற்பிப்பவள். மேசையில் படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லன்னா வரைபடத்துல மலை எது, எண்ணெய்க் கறை எதுன்னு தெரியாது எனக்கு. பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க. கறையத் தொட்டுக் காட்டி, இது என்ன சிகரம் எஜேன்னு கேக்குறானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் அப்பன் சாப்பிட்ட சிகரம்னு சொன்னேன்."

எல்லோரும் சிரித்தோம், அகாயும் சிரித்தார். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டபின் நான் அளந்தேன்: ஐந்நூற்று நாற்பத்தெட்டு. புருல்சா எஜே கத்தியைப் பொருத்தி, உருப்பெருக்கியின் கீழ் ஒருமுறை பார்த்து, வழக்கமில்லாமல் இன்னொரு முறையும் பார்த்து, கருவியைக் கொடுத்தார். எந்திரம் முனகியது, மடல் சீவப்பட்டது, உறிஞ்சு வளையம் விடுபட்டது. அகாய் மடலை மெல்லச் சாய்த்தார். படுகை ஈரத்தோடு மின்னியது.

அவர் கையுறைக் கைகளை விரித்தார். எஜே விரித்தார். சன்னல் கண்ணாடிக்கு அப்பால் நின்ற பெண்ணின் தாயும் விரித்தாள்.

"வழி திறக்கட்டும்," என்று அகாய் தொடங்கினார். "ஜூமகாசியின் மகளே, நீ ஏறும் மலை உன்னைத் தாங்கட்டும், இறங்கும் மலை உன்னை வழியனுப்பட்டும்..."

நான் அளவுகோலைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

அந்த ஒரு கையசைவுக்கு இன்றுவரை நான் கொடுத்த விலையை எண்ணிப் பார்த்ததில்லை, அப்போதும் எண்ணவில்லை. என் நாவுக்குள் இறைவன் பெயர் இருந்தது. ஆசி ஓடிக்கொண்டிருக்க, கோலின் நுனியைப் படுகையின் நடுவில் நிறுத்தினேன். அகாயின் குரலுக்கு நடுவே பெட்டி கீச்சிட்டது. காகிதத் துண்டு நகர்ந்து வந்தது.

முகக்கவசத்துக்கு மேலே அகாயின் கண்கள் என்மேல் திரும்பின. கண்ணாடிக்கு அப்பால் தாய் வாயில் கையை வைத்தாள். ஆனால் தொடங்கிய ஆசியை நடுவில் அறுத்தல் ஆகாது. அதை எங்களுக்குக் கற்பித்தவரே அவர்தான். ஆகையால் அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. வாசலில் விருந்தினர் கால் ஓயாதிருக்க வேண்டினார். அடுப்பில் நெருப்பும் தொட்டிலில் குரலும் அவியாதிருக்க வேண்டினார். ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கோலைத் தட்டில் வைத்து, கைகளை விரித்து, எல்லோரையும்போல் நின்றேன்.

"ஆமீன்."

"ஆமீன்," என்றோம்.

மீண்டும் கோலை எடுத்து, அதே இடத்தில் வைத்தேன். பெட்டி மறுபடி கீச்சிட்டது. எழுபத்திரண்டு நொடி கழிந்திருந்தது. எண்ணை உரக்கச் சொல்வது என் கடமை.

"ஆசி தொடங்கினப்ப நானூத்தி முப்பத்தொண்ணு. முடிஞ்சப்ப நானூத்திப் பதினேழு," என்றேன். "மடல், நூத்திப் பதினேழு. இல்லன்னா நூத்தி முப்பத்தொண்ணு. எத எழுதட்டும், அகாய்?"

மேசையிலிருந்த பெண்தான், "என் கண்ணுல ரெண்டு கணக்கா?" என்று கேட்டாள்.

"ஒரே கண்ணுதான்," என்றேன். "ஒரே மடல்தான்."

அகாய் இரண்டு துண்டுகளையும் விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்த்தார். பிறகு எஜேயிடம் ஈரப் பஞ்சு கேட்டு, படுகையை ஒருமுறை சீராக ஒற்றி நனைத்து, லேசரைச் செலுத்தி, மடலை மூடினார். இடக்கண்ணுக்கு எஜே மீண்டும் கத்தியைப் பொருத்தினார். மடல் சாய்ந்ததும் அகாய் கைகளை விரிக்காமல், என்னைப் பாராமல், "அள," என்றார். நூற்றுப் பதினெட்டு.

"அகாய், இந்தக் கண்ணுக்கு ஆசி கிடையாதா?" என்று அனார்குல் கேட்டாள்.

அகாய் குனிந்தபடியே, "முதல்ல சொன்னது ரெண்டுக்கும் சேர்த்துத்தான், மகளே," என்றார்.

மாலையில் தேநீர் அறையில் கடிதம் மேசைமேல் கிடந்தது. குபாத் மிர்சாயேவிச் பேனாவோடு வந்தார். அகாய் கிண்ணத்தில் தேநீரை ஊற்றி, குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

"மலைக்காரங்க கண்ணெல்லாம் திருத்தம் கொஞ்சம் கூடப் போய்டுது," என்றார், யாரிடமும் அல்லாமல். "உயரத்துக் காத்துன்னு நினைச்சேன். காஞ்ச படுகைய லேசர் அதிகமாத் தின்னுருக்கு."

"அகாய், கையெழுத்து..."

அவர் கடிதத்தை இழுத்து, தம் கையெழுத்துக்குரிய வரியில் 'மறுக்கிறேன்' என்று எழுதி, அதன்மேல் அந்த இரண்டு துண்டுகளையும் வைத்துத் தள்ளினார்.

"மாநாட்டுக் கட்டுரை?"

"போகாது. இருநூறும் என் தப்பு. அடுத்த வருஷம் வேற இருநூறு."

சுவரோரம் நின்ற புருல்சா எஜே தொட்டிப் பக்கம் போனார். கிண்ணங்களைக் கழுவத் தொடங்கினார். கழுவிய கிண்ணங்களையே மறுபடி கழுவினார்.

அகாய் என் பக்கம் திரும்பினார். "உன் கணக்கு சரி. ஆனா ஆசி நடுவுல கைய அசைச்ச. அந்தத் தாய் பார்த்தா. அவ அப்பன் பேரச் சொன்ன உடனே உன் பெட்டி கத்துச்சு. அத என்னால விழுங்க முடியல. இனி நீ என் அறைக்குள்ள வேண்டாம். முன் அறையில அள."

"சரி, அகாய்."

"ஒரு மன்னிப்புக் கேட்டுடு, ஜீபெக்," என்றார் குபாத் மிர்சாயேவிச், உண்மையான இரக்கத்தோடு. "ஒரு வார்த்தை. அகாய் மனசு இளகிடும். நீ உள்ளயே இருக்கலாம்."

அகாய் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். அந்த அறையில் ஒன்பது ஆண்டுகள் நின்றிருக்கிறேன். மடல் சாயும்போது படுகை முதன்முதல் மின்னுவதைப் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்த வேலை இல்லை. ஆயினும், மன்னிப்புக் கேட்டால் கையை அசைத்தது பிழையென்றாகும். அது பிழையானால் அந்த எண்ணும் பிழை. அந்த எண் பிழையானால் கடிதம் மீண்டும் மேசைக்கு வரும்.

"அடுத்த தடவையும் அசைப்பேன், அகாய். அதனால கேக்க முடியாது," என்றேன். "இனி உள்ள அளக்கப்போறது யாரா இருந்தாலும், மடல் சாஞ்ச உடனே அளக்கணும்."

"போ," என்றார்.

வெளியே வந்தபோது எஜே ஈரக் கையோடு பின்னால் வந்து, என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். கைப்பந்தை அடித்த கை. இரண்டு நாள் வலித்தது. "கழுதை," என்றார். "மாவு பிசையவே வராத உனக்கு, இந்தத் திமிரு எங்கேர்ந்து வந்துச்சு?" அவர் கண் கலங்கியிருந்தது; நான் பார்க்காததுபோல் நடந்தேன்.

வியாழக்கிழமை முன் அறையில் என் மேசையைப் போட்டார்கள். ஒரு மரச்சுவருக்கு அப்பால் அறுவை அறை. வாயிற்படியில் பனிச் சேறும் ஈரக் காலணிகளுமாக ஆட்கள் காத்திருந்தனர். அறுவைக்கு முந்தைய அளவை மட்டும் எடுப்பது இனி என் வேலை. உஸ்கெனிலிருந்து வந்த ஓர் ஓட்டுநர் என் மேசையருகே தம் முறைக்காக அமர்ந்திருந்தார்.

சுவருக்கு அப்பால் அகாயின் குரல் எழுந்தது. "வழி திறக்கட்டும்..." நான் செவிசாய்த்தேன். ஆசி முழுமையாக, நிதானமாக, தந்தையர் பெயரெல்லாம் சேர்ந்து நீண்டது. அதற்குப் பிறகு ஆமீன். அதற்கும் பிறகுதான் எந்திரத்தின் முனகல் கேட்டது. சில நொடிகளில் கீச்சொலி.

முதல்முறையாக ஆசி கத்திக்கு முன்னால் வந்திருந்தது. கதவு சற்றே திறந்து, எஜேயின் தலை மட்டும் நீண்டது.

"நூத்திப் பதினாறு," என்று கிசுகிசுத்துவிட்டு மறைந்தது.

அன்று முற்பகலில் இரண்டாம் நோயாளி உள்ளே போனார். ஆசி மீண்டும் தொடங்கியது. இப்போது என் எதிரில் மோவாயைத் தாங்கியில் வைத்திருந்த ஓட்டுநர் பழக்கத்தால் உள்ளங்கைகளை விரித்து அசையாதிருந்தார். நான் கோலை அவர் கண்ணருகே கொண்டுபோனதும் திகைத்துப் பின்வாங்கினார்.

"ஆசி நடக்குது, எஜே. கைய அசைக்கலாமா?"

"அசைக்கலாம்," என்றேன். "நீங்க கண்ணச் சிமிட்டாம இருங்க."

ஐந்நூற்று முப்பத்தொன்று. எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் குரல் முடிந்த இடத்தில், ஆமீன் சொன்னேன்.